குடும்பம்னா ஒரே அச்சுல இருக்கணுமா? கன்சர்வேடிவ் சமூகவியலும் அதை எதிர்க்கிறவங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யுபிஎஸ்சிக்கு சோசியாலஜி ஆப்ஷனல் எடுத்தவங்க, எம்ஏ படிக்கிறவங்கன்னு நிறைய பேரோட பேசிட்டு வர்றேன், எந்தப் பாடத்துக்கும் வராத சூடு குடும்பம்ங்கிற பாடத்துக்கு மட்டும் வரும். அப்பா இல்லாம அம்மா வளர்த்த பிள்ளையும் அதே வகுப்புலதான் உக்காந்திருக்கும், "இந்த மாதிரி வீட்டுலேந்துதான் குற்றவாளி வர்றான்"னு ஒரு கோட்பாட்ட படிக்கும்போது அதுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க. அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு பதில் எழுதியிருக்கேன். இது முக்கால்வாசி அமெரிக்கா, பிரிட்டன்ல நடந்த சண்டை, நம்ம பக்கம் எங்க நிஜமா சம்பந்தப்படுதோ அங்க மட்டும் தொட்டிருக்கேன்.

ஃபேமிலி டைவர்சிட்டின்னா கூட்டுக்குடும்பம், தனிக்குடும்பம், அவ்ளோதானே சார்?

இல்லப்பா, அது ஒரு மூலைதான். அம்மா மட்டும் அல்லது அப்பா மட்டும் வளர்க்கிற வீடு, கல்யாணம் பண்ணாம சேர்ந்து வாழுறவங்க, மறுமணத்துல ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் சேர்ந்து வளர்ற வீடு, ஒரே பாலின ஜோடி, பாட்டி வளர்க்கிற பேரன், பிள்ளையே வேணாம்னு இருக்கிற தம்பதி, எல்லாம் இதுக்குள்ள வரும். இங்கிலாந்து, வேல்ஸ்ல 1845லேந்து கணக்கு வச்சிருக்காங்க, 2021லதான் மொத முறையா பாதிக்கு மேல, 51.3 சதவீதம் குழந்தைங்க கல்யாணத்துக்கு வெளிய பொறந்தாங்க. அமெரிக்காவுல இது 40 சதவீதம் கிட்ட.

இந்த மாற்றம் நடந்துச்சாங்கிறதுல சண்டையே இல்ல. இது குடும்பம் அழியுறதா இல்ல வேற வேற உருவம் எடுக்குறதாங்கிறதுலதான் சண்டை. ரபப்போர்ட்ங்கிற ஆய்வாளர் தம்பதி 1982ல பிரிட்டன வச்சு அஞ்சு வகை வித்தியாசம் சொன்னாங்க: வீட்டு வேலையும் சம்பாத்தியமும் யாரு பாக்குறாங்க, எந்தப் பண்பாடு, எந்த வர்க்கம், வாழ்க்கையில எந்தக் கட்டம், எந்தத் தலைமுறை. இதுல எதுவும் நோய் இல்லங்கிறதுதான் அவங்க கட்சி.

கன்சர்வேடிவ்னு எல்லாரையும் ஒரே லிஸ்ட்ல போடலாமா?

போடாதீங்க, ஆன்சர் ஷீட்ல நான் அதிகமா பாக்குற குழப்பம் இதான். முதல்ல வந்தவங்க ஃபங்ஷனலிஸ்ட்டுங்க, 1949ல மர்டாக், 1950கள்ல டால்கட் பார்சன்ஸ். குடும்பம் சமூகத்துக்கு என்ன வேலை செஞ்சு குடுக்குதுன்னு விளக்க வந்தாங்களே தவிர யாரையும் திட்ட வரல. அப்புறம் ரீகன், தாட்சர் காலத்துல நியூ ரைட்ங்கிற புது வலதுசாரிங்க, அதுல முக்கியமான ஆளு சார்ல்ஸ் முர்ரே. இவங்களுக்கு அரசாங்கம் குடுக்குற உதவித்தொகைதான் வில்லன். மூணாவது 1990கள்ல வந்த கல்யாணத்த தூக்கிப்பிடிக்கிற குழு, டேவிட் போப்பனோ, டேவிட் பிளாங்கன்ஹார்ன் மாதிரி ஆளுங்க, அப்பா இல்லாத வீடுதான் இவங்க கவலை. மூணு குழுவும் அம்மா அப்பா சேர்ந்து வளர்க்கிற வீடுதான் பிள்ளைக்கு நல்லதுன்னு சொல்றாங்க, ஆனா காரணம் வேற வேற, அதனால பதிலும் வேற வேற.

மர்டாக் 250 சமூகத்த பாத்துட்டுதானே சொன்னாரு, அதைப் போய் எப்படி தப்புன்னு சொல்லலாம்?

அவர் சொன்னது, நியூக்ளியர் குடும்பம், அதாவது புருஷன் பொண்டாட்டி பிள்ளைங்க மட்டும் உள்ள யூனிட், இல்லாத சமூகமே இல்ல, தனியாவோ பெரிய குடும்பத்துக்குள்ள ஒரு பகுதியாவோ எங்கயும் இருக்குன்னு. பாலுறவ ஒழுங்குபடுத்துறது, பிள்ளை பெறுறது, பொருளாதாரம், பிள்ளைக்கு கத்துக்குடுக்குறது, இந்த நாலு வேலையும் அதுதான் செய்யுதுன்னாரு.

இதுக்கு பெரிய அடி நம்ம பக்கத்துலேந்தே விழுந்துச்சு. 1940கள் கடைசில கேரளாவுல களஆய்வு பண்ண மானுடவியலாளர் கேத்லீன் கஃப், பிரிட்டிஷ் ஆட்சி வர்றதுக்கு முன்னாடி நாயர் தறவாடு, அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்பம், எப்படி இருந்துச்சுன்னு விவரமா எழுதினாங்க. பொண்ணு வயசுக்கு வர்றதுக்கு முன்னயே தாலிகெட்டு சடங்கு முடிஞ்சிடும், அப்புறம் சம்பந்தம்னு சொல்ற உறவு வைக்கிற ஆணுங்க ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வருவாங்க, விடியறதுக்குள்ள போயிடுவாங்க, வந்திருக்கிற அடையாளத்துக்கு ஆயுதத்த அறை வாசல்ல வச்சிருப்பாங்க. பிள்ளைக்கு சோறு போடுறது, சொத்து, கண்டிப்பு எல்லாம் தாய்மாமன் பொறுப்பு. நாலு வேலையும் நடக்குது, ஆனா புருஷன் பொண்டாட்டி பிள்ளைங்கிற யூனிட்டே அங்க இல்ல. அது ஒரு விதிவிலக்குன்னு மர்டாக் பக்கத்து ஆளுங்க சொல்லுவாங்க, ஆனா "எல்லா இடத்துலயும்"னு சொன்னவருக்கு ஒரு விதிவிலக்கே போதுமே. அதோட, அந்த வேலைய இன்னொருத்தர் செய்ய முடியுமாங்கிற கேள்விய அவர் கேக்கவே இல்ல, என்னைப் பொறுத்தவரை அதான் நிஜமான ஓட்டை.

அப்பா வேலைக்கு, அம்மா வீட்டுலன்னு பார்சன்ஸ் சொன்னது அவ்ளோ பெரிய குத்தமா? எங்க வீட்டுல அப்படித்தான், நல்லாத்தானே இருக்கோம்

உங்க வீட்ட யாரும் குறை சொல்லல. பார்சன்ஸ் என்ன சொன்னாருன்னா, தொழிற்சாலை யுகத்துல குடும்பத்தோட பழைய வேலையெல்லாம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு வெளிய போயிடுச்சு, மிச்சம் இருக்கிறது ரெண்டுதான், பிள்ளைய சமூகத்துக்கு பழக்குறதும் பெரியவங்க மனச நிலைநிறுத்துறதும். அதுக்கு ஆண் சம்பாதிக்கணும், பொண்ணு அன்பு காட்டணும், இது உயிரியலோட ஒட்டிப் போற பிரிவினைன்னாரு. அவரு பாத்தது போருக்குப் பிந்தைய அமெரிக்காவுல வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்து வீடு. அத வச்சு நவீன சமூகம் முழுசுக்கும் பேசினதுதான் பிரச்சனை.

யாரோட மனச யாரு நிலைநிறுத்துறாங்கன்னு பெண்ணியவாதிங்க கேட்டாங்க. ஆன் ஓக்லி லண்டன்ல 40 இல்லத்தரசிங்கள பேட்டி எடுத்து 1974ல எழுதினாங்க, சராசரியா வாரத்துக்கு 77 மணிநேரம் வீட்டு வேலை, சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, முக்கால்வாசி பேருக்கு அந்த வேலையில சலிப்பு. இன்னொன்னும் சொல்லணும், கட்டின பொண்டாட்டிய புருஷன் பலாத்காரம் பண்ணா அது குற்றம்னு இங்கிலாந்து மேல்கோர்ட்டு சொன்னதே 1991லதான். வெளியேந்து பாக்க எந்தக் குறையும் இல்லாத வீட்டுக்குள்ள என்ன நடக்கும்ங்கிறதுக்கு பார்சன்ஸோட கோட்பாட்டுல இடமே இல்ல, இத நான் சாதாரண குறையா எடுத்துக்கல.

1950கள்ல எல்லாரும் ஒழுங்கா குடும்பம் நடத்துனாங்கல்ல, அப்புறம்தானே கெட்டுப்போச்சு?

அந்தப் பத்து பதினஞ்சு வருஷம்தான் வரலாற்றுல தனியா துருத்திட்டு நிக்குது. 1956ல அமெரிக்கப் பொண்ணுங்க சராசரியா 20 வயசுல கல்யாணம் பண்ணாங்க, அதுக்கு முன்னாடி தலைமுறையில இன்னும் லேட்டு. அமெரிக்காவுல டீன் ஏஜ் பிரசவம் உச்சத்துல இருந்தது 1957ல, ஆயிரம் பொண்ணுக்கு 96, இன்னைக்கு அதுல ஒரு சின்னப் பங்குதான். வித்தியாசம் என்னன்னா அப்ப கர்ப்பமானா அவசர அவசரமா கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்க.

ஸ்டெஃபனி கூன்ட்ஸ்னு வரலாற்றாசிரியர் ஒண்ணு சொல்றாங்க, எனக்கு அது ரொம்ப முக்கியமா படுது. அந்த "சொந்தக் கால்ல நின்ன" குடும்பத்துக்கும் அரசாங்கப் பணம்தான் அடித்தளம். போர்ல இருந்து வந்தவனுக்கு இலவசப் படிப்பு, அரசு உத்தரவாதத்தோட வீட்டுக் கடன், அரசு போட்ட நெடுஞ்சாலை. அந்த வீட்டுக் கடன்ல கறுப்பினக் குடும்பங்கள பெரும்பாலும் ஒதுக்கி வச்சாங்க. உதவி வாங்குனா குடும்பம் உடையும்னு பின்னால பேசினவங்க இந்த உதவிய கணக்குலயே எடுக்கல.

நம்ம ஊர்ல பழமைவாதின்னா கூட்டுக்குடும்பத்தைத்தானே தூக்கிப்பிடிப்பாங்க, இவங்க தனிக்குடும்பத்த தூக்கிப்பிடிக்கிறாங்களே?

ஆமா, நல்லா கவனிச்சிருக்கீங்க. அங்க எது இயற்கையான குடும்பமோ அது இங்க குடும்பம் சீரழிஞ்சதுக்கு அடையாளம்! ஒவ்வொரு ஊரும் முந்தின தலைமுறைல மதிப்பா இருந்த வடிவத்த என்னைக்கும் இருந்ததுன்னு நினைச்சுக்குது. ஏ.எம். ஷா குஜராத் கிராமத்தோட 1820கள் கணக்கெடுப்ப எடுத்துப் பாத்தப்ப அங்கயும் சின்ன வீடுங்கதான் நிறைய. பீட்டர் லாஸ்லெட் 1564லேந்து 1821 வரை இங்கிலாந்து பதிவேடுகள பாத்தப்ப வேற உறவுக்காரங்களும் சேர்ந்து இருந்த வீடு 10 சதவீதம்தான், அதாவது தொழிற்புரட்சி வந்து கூட்டுக்குடும்பத்த உடைச்சு சின்னதாக்குச்சுன்னு பார்சன்ஸ் பக்கத்துல சொன்ன கதையும் ஆட்டம் கண்டுச்சு.

சார்ல்ஸ் முர்ரே என்னதான் சொன்னாரு, சுருக்கமா சொல்லுங்க

1984ல அவர் ஒரு கற்பனை ஜோடிய வச்சு விளக்கினாரு, ஹரால்டும் ஃபில்லிஸும். பென்சில்வேனியா, ஸ்கூல் முடிச்சவங்க, கையில காசு இல்ல, ஃபில்லிஸ் கர்ப்பம். 1960லன்னா ஹரால்டு கூட இருந்தா அவளுக்கு அரசு உதவி வராது, தொகையும் பத்தாது, அதனால ரெண்டு பேருக்கும் புத்திசாலித்தனமான வழி கல்யாணமும் அவன் ஒரு வேலைக்குப் போறதும்தான். 1970லன்னா தொகை கூடிடுச்சு, கல்யாணம் பண்ணாம ஒண்ணா இருந்தாலும் உதவி கிடைக்கும், அதனால கல்யாணம் பண்ணாம இருக்கிறதுதான் லாபம். ஆளுங்க மாறல, விதி மாறிடுச்சு, ஏழைங்க அதுக்கு ஏத்த மாதிரி நடந்துக்குறாங்கங்கிறாரு. 1989ல பிரிட்டனுக்கு வந்து அங்கயும் "அண்டர்கிளாஸ்", அதாவது சமூகத்தோட ஒட்டாத ஒரு அடித்தட்டு, உருவாகுதுன்னு எழுதினாரு, அதுக்கு அவர் வச்ச மூணு அடையாளம், கல்யாணத்துக்கு வெளிய பிள்ளை, வன்முறைக் குற்றம், வேலைக்குப் போகாத வாலிபனுங்க.

இதுல லாஜிக் சரியாத்தானே இருக்கு? காசு குடுத்தா அதை வாங்கத்தானே செய்வாங்க?

கதையா கேக்க சரியா இருக்கும், நானே முதல்ல படிச்சப்ப அசந்துதான் போனேன். ஆனா கணக்கு ஒத்துவரல. 1970கள் ஆரம்பத்துக்கு அப்புறம் விலைவாசிய கழிச்சுப் பாத்தா அந்த உதவித்தொகை குறைஞ்சுகிட்டே வந்துச்சு, ஆனா சிங்கிள் அம்மா வீடுங்க கூடிகிட்டே போச்சு. டேவிட் எல்வுட், லாரன்ஸ் சம்மர்ஸ் ரெண்டு பேரும் 1986லயே இத காட்டிட்டாங்க, தொகை அதிகமா குடுக்குற மாநிலத்துல அம்மா மட்டும் இருக்கிற வீடு அதிகமான்னு பாத்தாலும் பெருசா தொடர்பு இல்ல. முர்ரே எடுத்துக்கிட்ட பென்சில்வேனியாவே சராசரி மாநிலம் இல்லன்னும் விமர்சகருங்க புடிச்சாங்க.

இதவிட பெரிய சோதனை 1996ல நடந்துச்சு. கிளின்டன் கையெழுத்து போட்டு அந்த உதவித்தொகை குடுத்த பழைய திட்டத்தையே எடுத்துட்டாங்க, கால வரம்பு, வேலைக்குப் போகணும்னு கட்டாயம், எல்லாம் வந்துச்சு. முர்ரே சொன்னது முழுசும் சரியா இருந்தா கல்யாணத்துக்கு வெளிய பிள்ளை பொறக்குறது சரசரன்னு இறங்கியிருக்கணும். அந்த வருஷம் 32 சதவீதம், 2009ல 41 சதவீதம். உதவி போச்சு, கல்யாணம் வரல. நடுவுல கையில காசே இல்லாம போன ஏழைத் தாய்ங்கதான் அடி வாங்குனாங்க, இத நினைச்சா எனக்கு இன்னும் கோவம் வருது.

மொய்னிஹன் இனவெறி புடிச்சவரா? ஒரு புக்ல அப்படி போட்டிருக்கு, இன்னொன்னுல தீர்க்கதரிசின்னு போட்டிருக்கு

ரெண்டுமே அவசரம். 1965ல ஜான்சன் அரசாங்கத்துல தொழிலாளர் துறையில இருந்துக்கிட்டு கறுப்பினக் குடும்பங்கள பத்தி மொய்னிஹன் எழுதின அறிக்கைலேந்து வந்த சண்டை அது. கறுப்பினக் குழந்தைங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணு கல்யாணத்துக்கு வெளிய பொறக்குது, இதுக்கு வேர் அடிமைமுறையிலயும் ஆண்களோட வேலையின்மையிலயும் இருக்குன்னு அவரே எழுதியிருக்காரு, ஆண்களுக்கு வேலை வேணும்ங்கிறதுதான் அவர் எண்ணம். ஆனா அந்தக் குடும்பமே ஒரு நோய்ச் சிக்கல்ங்கிற மாதிரி வார்த்தை போட்டாரு, நாடு அந்த வார்த்தைய மட்டும் புடிச்சுக்குச்சு. பாதிக்கப்பட்டவனையே பழி சொல்றதுங்கிற பேச்சு வில்லியம் ரயன் 1971ல எழுதினதுலேந்துதான் பரவுச்சு, அதுல முக்கியமான தாக்குதலே இந்த அறிக்கை மேலதான்.

இதுக்கு எனக்குப் புடிச்ச பதில் கரோல் ஸ்டாக்கோட களஆய்வு. 1960கள் கடைசில அமெரிக்காவுல ஒரு ஏழைக் கறுப்பினக் குடியிருப்புல போய்ப் பழகுனாங்க. அங்க ஒரு தம்பதிக்கு சொந்தக்காரர் விட்டுட்டுப் போன 1,500 டாலர் வருது, அத வச்சு வீடு வாங்கலாம்னு ஆசை. ஆனா ஒரு சொந்தத்த வாடகை கட்டலன்னு வெளிய தள்ளப் போறாங்க, ஒரு சாவுக்கு ஆளுங்க போக ரயில் டிக்கெட், பிள்ளைங்களுக்கு குளிருக்கு கோட்டு, ஷூ. சில வாரத்துல மொத்தமும் போயிடுச்சு. கணக்கெடுப்புல இது அம்மா பிள்ளைன்னு தனித்தனி வீடா பதிவாகும், நிஜத்துல நாலஞ்சு வீடு சேர்ந்து ஒரு குடும்பம், சோறும் பிள்ளையும் மாறி மாறிப் போகுது. அப்படி ஒட்டிக்கிட்டாதான் பொழைக்க முடியும், அதுல ஒருத்தர் மட்டும் மேல ஏறவும் முடியாது, இந்த ரெண்டையும் ஸ்டாக் மறைக்காம எழுதினாங்க.

பிரிட்டன்ல இது வெறும் புத்தகச் சண்டைதானே?

இல்ல, மந்திரி மேடை வரைக்கும் போச்சு. 1992 கன்சர்வேடிவ் கட்சி மாநாட்டுல பீட்டர் லில்லி, அரசு வீடு கிடைக்கிற வரிசைல முந்துறதுக்காக கர்ப்பமாகுற பொண்ணுங்கன்னு பாட்டாவே பாடினாரு. பிரிட்டன்ல சிங்கிள் பேரண்ட்ஸ்ல டீன் ஏஜ் பொண்ணுங்க ரொம்பச் சின்னப் பங்கு, பெரும்பாலானவங்க கல்யாணமோ சேர்ந்து வாழுறதோ முறிஞ்சு வந்தவங்க. 1997ல லேபர் கட்சி வந்தும் சிங்கிள் பேரண்ட் உதவித்தொகைய குறைச்சாங்க, அவங்க எம்பிங்களே 47 பேர் எதிர்த்து ஓட்டு போட்டாங்க.

சரி, ஆனா அப்பா இல்லாம வளர்ற பிள்ளைங்க பின்தங்குறாங்கன்னு டேட்டா இருக்கே, அதை மறைக்கலாமா?

மறைக்கக் கூடாது. விமர்சகருங்க தரப்புல நிறைய பேரு இங்கதான் வழுக்கிடுறாங்க, கண்ணை மூடிக்கிட்டா தரவு போயிடாது. சாரா மக்லனஹன், கேரி சாண்டிஃபர் 1994ல அமெரிக்கத் தரவுகள வச்சு காட்டினாங்க, ரெண்டு பெற்றோரோட வளராத பிள்ளைங்க ஸ்கூல பாதில நிறுத்துறது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா அவங்களே இன்னொன்னும் காட்டினாங்க, அந்த இடைவெளில பாதி கிட்ட வருமானக் குறைவாலயே வருது. மிச்சத்துல அடிக்கடி வீடு மாறுறது, பெத்தவங்களோட நேரம் குறையுறதுன்னு மத்த விஷயங்களும் இருக்கு.

அப்புறம் மக்லனஹன் குழு 1998லேந்து 20 நகரத்துல கிட்டத்தட்ட 4,900 குழந்தைங்கள பொறந்ததுலேந்து பின்தொடர்ந்தாங்க, பெரும்பாலும் கல்யாணம் ஆகாத பெற்றோர். "அப்பன் ஓடிட்டான்"ங்கிற படத்த இந்த ஆய்வு உடைச்சுது, பிரசவ நேரத்துல பாதி ஜோடி சேர்ந்து வாழ்ந்துட்டிருந்தாங்க, இன்னும் மூணுல ஒரு பங்கு தனி வீட்டுல இருந்தாலும் உறவுலதான் இருந்தாங்க. அந்த உறவு அடுத்த அஞ்சு வருஷத்துல ஏன் நிக்கலங்கிறதுதான் கேள்வி, வேலை போறது, ஜெயிலு, கடன்னு பதில் வரும். வீட்டுல எத்தனை பேருங்கிறத எண்ணுறது ஈஸி, அந்த வீடு எத்தனை தடவ கலைஞ்சு கூடுச்சுங்கிறத அளக்குறதுதான் கஷ்டம், பிள்ளைய அதிகமா உலுக்குறது அந்த ரெண்டாவதுதான்னு நான் நம்புறேன்.

டிவோர்ஸ் ஆனா பிள்ளை வாழ்க்கையே போச்சுன்னு ஒரு ஆய்வு, ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு ஆய்வு, எதை எழுதுறது?

ஜூடித் வாலர்ஸ்டீன் 1971லேந்து கலிஃபோர்னியாவுல 60 குடும்பத்த 25 வருஷம் தொடர்ந்தாங்க, காயம் ஆறவே இல்லன்னாங்க. ஆனா ஒப்பிட்டுப் பாக்க டிவோர்ஸ் ஆகாத குடும்பங்கள ஆரம்பத்துலேந்து சேர்த்துக்கல, குடும்பங்களும் ஆலோசனை தேடி வந்தவங்க. மேவிஸ் ஹெதரிங்டன் 1,400 குடும்பம் கிட்ட பாத்தாங்க, டிவோர்ஸ் ஆன வீட்டுப் பிள்ளைங்கள்ல 25 சதவீதத்துக்கு கனமான பிரச்சனை, மத்த வீட்டுல 10 சதவீதம். ஒருத்தர் இதை "ரெண்டரை மடங்கு ஆபத்து"ன்னு எழுதுவாரு, இன்னொருத்தர் "நாலுல மூணு பிள்ளை நல்லா இருக்கு"ன்னு எழுதுவாரு, ரெண்டும் அதே கணக்குதான். ரெண்டையும் சேர்த்து எழுதுங்க. தினம் அடிதடி நடக்குற வீடு பிரிஞ்சா பிள்ளைக்கு நிம்மதி, சண்டை குறைவா இருந்த வீடு திடீர்னு பிரிஞ்சாதான் பிள்ளை உடையுதுன்னு பால் அமேட்டோ காட்டினதையும் சேருங்க.

அப்போ அரசாங்கமே கல்யாணம் பண்ணிக்க ஊக்கம் குடுத்தா?

குடுத்துப் பாத்துட்டாங்க. புஷ் காலத்துல ஆரம்பிச்ச திட்டத்துல எட்டு இடத்துல 5,000 ஜோடிக்கு மேல, குலுக்கல் முறைல பிரிச்சு ஒரு பாதிக்கு உறவுப் பயிற்சி குடுத்தாங்க. மூணு வருஷம் கழிச்சு மொத்தமா பாத்தா கல்யாணம் பண்ணதுலயும் சேர்ந்து இருந்ததுலயும் ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்ல. பிரிட்டன்ல ஐஎஃப்எஸ்ங்கிற பொருளாதார ஆய்வு நிறுவனம் பாத்தப்பயும், கல்யாணம் ஆன பெற்றோரோட பிள்ளைங்க முன்னால நிக்கிறதுக்கு பெரும்பங்கு காரணம் அந்தப் பெற்றோரோட படிப்பும் வருமானமும்தான்னு வந்துச்சு. முந்தின கேள்விக்கு முந்தினதுல வருமானம் பத்தி சொன்னது இங்கயும் அப்படியே பொருந்தும்.

ஒரே பாலின ஜோடி வளர்த்தா பிள்ளை பாதிக்கும்னு 2012 ஆய்வு இருக்காமே?

மார்க் ரெக்னரஸ் ஆய்வு. அப்பாவோ அம்மாவோ எப்பவாவது ஒரே பாலின உறவுல இருந்திருந்தா அந்தப் பிள்ளைய ஒரு பக்கம் போட்டு, கடைசி வரை பிரியாத பெற்றோரோட வளர்ந்த பிள்ளைய இன்னொரு பக்கம் போட்டாரு. அந்தப் பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க வீடு உடைஞ்சத பாத்தவங்க, பொறந்ததுலேந்து 18 வயசு வரை ஒரே பாலின ஜோடியோட முழுசா வளர்ந்தவங்க ரெண்டே பேரு. அதனால அவர் அளந்தது மேல சொன்ன நிலையின்மையத்தான், பெத்தவங்க ஒரே பாலினமாங்கிறத இல்ல. 2014ல மிச்சிகன் வழக்குல நீதிபதி அவர் சாட்சியத்த நம்பவே முடியாதுன்னு தள்ளினாரு. பிரிட்டன்ல சூசன் கோலம்பாக் பல வருஷமா லெஸ்பியன் அம்மாக்கள் வளர்த்த பிள்ளைங்கள ஆய்வு பண்ணியும் அப்படி எந்தப் பாதிப்பையும் காணல. 2010ல ஒரே பாலின கல்யாணத்துக்கு எதிரா கோர்ட்டுல சாட்சி சொன்ன பிளாங்கன்ஹார்ன், 2012ல அத ஏத்துக்கிறதா எழுதினாரு. அத நான் மதிக்கிறேன்.

ராபர்ட் செஸ்டர் எந்தப் பக்கம்னே புரியல

பிரிட்டிஷ் சமூகவியலாளர், கன்சர்வேடிவ், டைவர்சிட்டி ரெண்டுக்கும் நடுவுல. ஒரு நாள் எடுத்த படத்த பாத்து "வழக்கமான குடும்பம் சிறுபான்மை ஆயிடுச்சு"ன்னு சொல்லாதீங்க, பெரும்பாலானவங்க வாழ்க்கைல ஏதோ ஒரு கட்டத்துல அப்படி வாழ்ந்துட்டுத்தான் போறாங்கன்னு 1985ல எழுதினாரு. மாறினது பொண்டாட்டியும் வேலைக்குப் போறதுதான்ங்கிறாரு.

இன்னைக்கு இந்தச் சண்டை எங்க நிக்குது?

கல்யாணம் இப்ப வர்க்கத்த ஒட்டிப் பிரிஞ்சிருக்கு, அமெரிக்காவுல காலேஜ் முடிச்சவங்க பண்ணிக்கிறாங்க, நிலைக்கவும் செய்யுது, மத்தவங்ககிட்ட குறையுது. இதுல ரெண்டு தரப்புக்கும் ஒப்புதல், முர்ரேவே 2012ல வெள்ளைக்காரங்கள மட்டும் வச்சு இதைத்தான் எழுதினாரு. காரணம் பண்பாடுன்னு அவர் சொல்றாரு. வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1987லயே வேலைன்னாரு, ஃபாக்டரி மூடிட்டா குடும்பம் நடத்துற வருமானம் உள்ள ஆணே கிடைக்க மாட்டான்னு. சீன இறக்குமதியால ஃபாக்டரி அடிவாங்கின பகுதிங்கள்ல கல்யாணம் குறைஞ்சத 2019ல ஆட்டர், டார்ன், ஹான்சன் காட்டினது வில்சனுக்கு பலம்.

ஆனா மெலிசா கியர்னியும் ரைலி வில்சனும் 2018ல பாத்தது, பாறைய உடைச்சு எண்ணெய், எரிவாயு எடுக்கிற தொழில் வந்து காலேஜ் போகாத ஆணுங்களுக்கு திடீர்னு நல்ல சம்பளம் கிடைச்ச ஊருங்கள. அங்க பிள்ளை பொறக்குறது கூடுச்சு, கல்யாணம் கூடல. 1970கள், 80கள்ல அப்பலாச்சியா மலைப்பகுதில நிலக்கரி விலை ஏறினப்ப இதே மாதிரி சம்பளம் வந்து கல்யாணமும் கூடியிருக்கு. நான் இத்தனை நேரம் வருமானம், நிலையின்மைன்னு சொன்னதுக்கு இது நேரா இடிக்கிற தரவு, அதனால விடாம வகுப்புல சொல்றேன். வேலை போனா கல்யாணம் போயிடுது, வேலை திரும்பி வந்தா மட்டும் கல்யாணம் தானா திரும்பி வரல.